கழனியில் இறங்கினால்: வட ஆற்காட்டுப் பக்கம் பறக்கும் பாராகிளைடர் ஓட்டிகளுக்கான அவசரப் பை

ஏலகிரியிலிருந்து கிழக்கே போகும்போது ஆலங்காயம் தாண்டுவதற்குள் தெர்மல் (மேலே தூக்கும் வெப்பக் காற்று) அறுந்துவிட்டால், இறங்குமிடத்தை முடிவு செய்ய இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. கீழே தென்னந்தோப்பு, கரும்பு, மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லை, நடுநடுவே தரைமட்டக் கிணறு, எல்லாவற்றுக்கும் குறுக்கே மின்கம்பி. இந்தப் பக்கத்தில் குறித்த மைதானத்துக்கு வெளியே இறங்கினால் என்னென்ன நடக்கலாம் என்று யோசித்து, அதற்கேற்ப நிரப்பிய பைதான் உதவும். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் எழுதிய பட்டியலைப் பார்த்து அப்படியே வாங்கினால் பாதிப் பொருள் சுமை, மீதியில் ஒன்றிரண்டு ஆபத்து.

முதலில் எடுத்துவர வேண்டாதவை. வெளிநாட்டுப் பட்டியல்களில் முதல் வரியிலேயே செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருக்கும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசஞ்சர் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். அடுத்தது சிக்னலுக்கான தீப்பந்தம், புகைக் குப்பி. மாசி முதல் வைகாசி வரை ஜவ்வாது மலையிலும் ஏலகிரிச் சரிவிலும் புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், உங்களைத் தேடி வருகிறவர்கள் காட்டுத் தீயை அணைக்கப் போய்விடுவார்கள். தீப்பெட்டி, லைட்டர்கூட வேண்டாம்.

எந்தப் பொருள் எங்கே

ஒரே பையில் எல்லாவற்றையும் திணித்து ஹார்னஸின் (ஓட்டி உட்காரும் பட்டை இருக்கை) பின்பக்கம் போடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. மரத்தில் தொங்கும்போது பின்பக்கத்துக்குக் கை போகாது. ஆகவே பொருள்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

உடம்பின்மேல் இருக்க வேண்டியவை: போன் (ஜிப் வைத்த சட்டைப் பையில், கயிற்றோடு), விசில், ரத்தவகை எழுதிய அட்டை, ஐந்நூறு ரூபாய்த் தாள் இரண்டு, ஆதார் நகல். கிணற்றிலோ ஏரியிலோ ஹார்னஸை அவிழ்த்துவிட்டு வெளியேற நேர்ந்தால் கையில் மிஞ்சுவது இவ்வளவுதான்.

ஹார்னஸின் தோள்பட்டையிலும் பக்கப் பையிலும்: கொக்கிக் கத்தி (கயிறு, பட்டை அறுப்பதற்கு), மரத்துக்கான பொட்டலம் (ஸ்லிங், காராபினர், நூல்), டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை), தலைவிளக்கு, வயர்லெஸ் செட்.

பின்பையில்: மீதி மருந்து, ஓஆர்எஸ், பவர் பேங்க், வெள்ளிப் போர்வை, ரிப்பேர் டேப்.

தண்ணீர் நீங்கலாக எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் சுமக்கிறீர்கள். கனமான பை நாலாவது தடவையே வண்டியில் தங்கிவிடும்.

மரத்தில் மாட்டினால்

இங்கே மரம் என்றால் பெரும்பாலும் தென்னை, பனை, புளி, மா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சோதிக்கும்.

தென்னையில் விங் (பாராகிளைடரின் துணி இறக்கை) மட்டைமேல் விழுந்து நிற்கும். உறுதியாக நிற்பது போலத்தான் இருக்கும். பழுத்த மட்டை எந்த நேரமும் உரிந்து வரும். அதோடு நீங்களும் 15 மீட்டர் கீழே வருவீர்கள். ஆகவே முதல் வேலை போன் எடுப்பதல்ல, உடம்பை மரத்தோடு கட்டுவது. அதற்கு வேண்டியவை:

120 செ.மீ. டைனீமா ஸ்லிங் (கெட்டி நார்ப் பட்டை வளையம்) ஒன்று, 240 செ.மீ. ஸ்லிங் ஒன்று, பூட்டுள்ள காராபினர் (உலோகக் கொக்கி வளையம்) இரண்டு. தென்னந்தண்டைச் சுற்றி வர 120 போதும். பனைக்கும் புளியங்கிளைக்கும் பற்றாது, 240 வேண்டும். ஸ்லிங்கைத் தண்டில் சுற்றி, இரு முனையையும் காராபினரில் போட்டு, அதை ஹார்னஸின் பிரதானக் காராபினரோடு கோத்துப் பூட்டுங்கள். மட்டையிலோ பாளையிலோ கட்டக் கூடாது. தண்டு எட்டவில்லை என்றால் ஆடி ஆடிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். அந்த ஆட்டமே விங்கை நழுவ வைக்கும். அசையாமல் காத்திருப்பதே மேல்.

அடுத்தது நூல். கொத்தனார்கள் மட்டம் பார்க்கக் கட்டும் நைலான் நூல் ஹார்டுவேர் கடையில் உருண்டையாகக் கிடைக்கும். அதில் 40 மீட்டர் எடுத்து, எட்டு வடிவத்தில் விரல்களில் சுற்றி, சிறு பையில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டமாகச் சுற்றினால் இறக்கும்போது முறுக்கிச் சிக்கலாகும். முனையில் எடைக்கு ஒரு பழைய நட்டு கட்டிவைத்தால் மட்டைகளுக்கு இடையில் நேராக இறங்கும். நூலின் வேலை ஒன்றே ஒன்று: கீழே இருப்பவர் அதில் கெட்டிக் கயிற்றைக் கட்டுவார், நீங்கள் மேலே இழுத்துக்கொள்வீர்கள். இந்த நூலைப் பிடித்து இறங்க நினைத்தால் உள்ளங்கையில் தோல் மிஞ்சாது, நூலும் அறுந்துபோகும்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வசதி உண்டு. தென்னை ஏறத் தெரிந்தவர் ஒருவராவது ஊரில் இருப்பார். அவரிடம் கயிறு, இடுப்புப் பட்டை, பழக்கம் எல்லாம் இருக்கும். ஆனால் உங்கள் எடையையும் சேர்த்து இறக்குவது அவர் வேலை அல்ல. கயிற்றை மேலே கொண்டுவந்து தண்டில் கட்டித் தரச் சொல்லுங்கள். ஆளை இறக்குவதைத் தீயணைப்பு மீட்புப் படை பார்த்துக்கொள்ளட்டும். எண் 101.

காத்திருக்கும் நேரத்தில் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும். கால் பட்டைகளில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். உடம்பைக் கட்டியபின் மிஞ்சுகிற ஸ்லிங்கைக் கால்மிதியாகக் கட்டி, சில நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஏறி நில்லுங்கள்.

பனையில் கதண்டு (பெரிய குளவி) கூடு இருக்கலாம். மாவில் முசுறு (சிவப்பு மர எறும்பு). முசுறு கடித்தால் எரிச்சலோடு போகும். கதண்டு கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. செட்டிரிசின் 10 மி.கி. மாத்திரை நான்கு பக்கப் பையிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே தேனீ, குளவி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது போதாது. பறப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி அட்ரினலின் ஊசிக்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

கொக்கிக் கத்தி பற்றி ஒரு வார்த்தை. அது தண்ணீருக்கும், தரையில் காற்று விங்கை இழுத்துக்கொண்டு போகும் நேரத்துக்கும் உரியது. மரத்தில் தொங்கும்போது லைனை (விங்கையும் ஹார்னஸையும் இணைக்கும் கயிறு) அறுத்தால் உங்களைத் தாங்குவதையே அறுக்கிறீர்கள். விங் ஒரு பொருள்தான், போகட்டும். ஆனால் உடம்பு தண்டில் கட்டப்பட்டது உறுதியானபிறகு அறுக்கலாம்.

கம்பியில் விழுந்தால்

இதற்குப் பையில் ஒரு பொருளும் கிடையாது. தெரிந்திருக்க வேண்டியதுதான் நிறைய.

விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் இங்கே பல இடங்களில் நாள் முழுக்க வராது, முறைவைத்து வரும். நீங்கள் விழுந்தபோது மோட்டார் ஓடவில்லை என்பதால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பத்து நிமிடத்தில் மும்முனை வரலாம். டிரிப் ஆகி நின்ற கம்பியிலும் துணைமின் நிலையத்திலிருந்து மறுபடி மின்சாரம் விடப்படலாம். ஆகவே கம்பியில் தொங்கினால் அசையாமல் இருங்கள், யாரையும் தொடாதீர்கள், எதையும் கீழே விடாதீர்கள், அந்த நைலான் நூலையும்தான். பனியிலோ வியர்வையிலோ நனைந்த நூல் மின்சாரத்தைக் கடத்தும்.

பெரிய ஆபத்து ஓடிவருகிறவர்களுக்குத்தான். ஒருவர் பச்சை மூங்கிலோடு வருவார், இன்னொருவர் காலைப் பிடித்து இழுக்க நினைப்பார். இங்கேதான் விசிலும் தொண்டையும் வேலைக்கு வரும்: "கிட்ட வராதீங்க, கரண்ட்டு! ஈபிக்குப் போன் பண்ணுங்க!" குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கம்பி அறுந்து ஈரக் கழனியில் கிடந்தால் இன்னும் தூரம். மின்வாரியத்தின் மின்னகம் (புகார் மையம்) எண் 94987 94987, அட்டையில் எழுதிவையுங்கள். பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரிலோ மோட்டார் கொட்டகைச் சுவரிலோ எழுதியிருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னால் எந்த லைனை நிறுத்துவது என்று அவர்களுக்குச் சட்டென்று தெரியும். லைன்மேன் வந்து, நிறுத்தி, எர்த் செய்து, அவர் வாயால் சொன்னபிறகே இறங்க வேண்டும். ஊர்க்காரர் யாரோ ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன் என்று சொல்வது கணக்கில் சேராது.

ஜோலார்பேட்டை வழியாகப் போகும் ரயில் பாதைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். விங் அதில் விழுந்து நீங்கள் தரையில் தப்பித்திருந்தால், ஹார்னஸை அவிழ்த்துவிட்டு விலகி நின்று 139-க்குச் சொல்லுங்கள். விங்கின் லைனைப் பிடித்து இழுத்து அதை மீட்கும் ஆசை வேண்டாம்.

இன்னொன்று, மேலிருந்து தெரியவே தெரியாதது: காட்டுப்பன்றிக்காகக் கொல்லையைச் சுற்றித் திருட்டுத்தனமாகக் கட்டும் மின்வேலி. மலையடிவாரத்தில், மல்லாட்டையும் கரும்பும் இருக்கும் இடங்களில், முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கம்பி. யானையும் ஆளும் செத்த செய்திகள் தமிழ்நாட்டில் அடிக்கடி வருகின்றன. பொழுது சாய்ந்தபின் அடிவாரத்தில் இறங்கினால் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு, வரப்பை விட்டு விலகாமல், கம்பி தென்பட்டால் தாண்டாமல் கொல்லைக்காரரைக் குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள். 200 லூமன் தலைவிளக்கு ஒன்று, மாற்று பேட்டரி ஒரு ஜோடி இதற்காகவே.

கிணறு

வட ஆற்காட்டுக் கிணறு சுற்றுச்சுவர் இல்லாமல், தரையோடு தரையாக, வீடு கொள்ளுமளவு அகலத்தில் இருக்கும். கோடையில் தண்ணீர் அடியில் கிடக்கும், விழுந்தால் பாறை. மழைக்குப்பின் நிரம்பியிருக்கும், விழுந்தால் வேறு பிரச்சினை: ஹார்னஸின் முதுகுப் பாதுகாப்பு நுரை மிதந்து உங்களை முகம் குப்புறத் தள்ளும். கொக்கிக் கத்தி தோள்பட்டையில், எந்தக் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கச் சொல்வது இதற்குத்தான். தண்ணீர் மேல்தான் இறங்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால், மேலே இருக்கும்போதே நெஞ்சுப் பட்டையையும் ஒரு கால் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். தண்ணீரைத் தொட்டதும் மிச்சத்தை அவிழ்த்து, லைன் காலில் சுற்றுவதற்குள் விலகி வாருங்கள். லைன்கள் சுற்றிக்கொண்டால் இழுத்து அவிழ்க்கப் பார்க்காமல் அறுங்கள். விசில் இல்லாமல் கிணற்றுக்குள்ளிருந்து கத்தினால் பக்கத்துக் கொல்லைக்குக்கூடக் கேட்காது.

மருந்துப் பொட்டலம்

மடக்கும் நுரைப் பட்டை ஸ்ப்ளின்ட் (முறிந்த எலும்பை அசையாமல் வைக்கும் கட்டு) 90 செ.மீ. ஒன்று, 10 செ.மீ. கிரேப் பேண்டேஜ் இரண்டு, முக்கோணத் துணி இரண்டு, பெரிய காஸ் பட்டை ஆறு, டூர்னிக்கெட் ஒன்று, கையுறை ஒரு ஜோடி, பாரசிட்டமால் 500 மி.கி. பத்து, போவிடோன் அயோடின் சிறு குப்பி, இடுக்கி. இடுக்கி எதற்கு என்பவர்கள் சீமைக் கருவேல முள்ளைப் பார்த்ததில்லை போலும். அது ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே ஒடிந்து நிற்கும்.

வலிக்கு ஆஸ்பிரின், ஐபூபுரூஃபன் வகை வேண்டாம். உள்ளே ரத்தக்கசிவு இருந்தாலோ விரியன் கடித்திருந்தாலோ கேடு. தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

டூர்னிக்கெட் கை காலில் ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காதபோது மட்டும். காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டின்மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, நேரத்தை நெற்றியிலோ பட்டையிலோ எழுதிவிடுங்கள். அதைப் பாம்புக்கடிக்குப் பயன்படுத்தக் கூடாது. சொல்லக் காரணம், கடித்தது தெரிந்ததும் கூடியவர்களில் ஒருவர் கயிற்றால் இறுக்கக் கட்டத்தான் வருவார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குமே இந்தப் பக்கம் உண்டு; நான்குக்கும் ஒரே நஞ்சுமுறிதான். கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் ஸ்ப்ளின்ட் வைத்து அந்தக் காலை அசையாமல் செய்து, நடக்காமல், மருத்துவமனைக்குப் போக வேண்டும். மோதிரம், கொலுசு, ஷூ முதலிலேயே கழற்றிவிடுங்கள், வீங்கியபின் வராது. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் அரசு மருத்துவமனைகள், வேலூருக்கு அருகே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சிஎம்சி என எது பக்கமோ அது.

இந்த விளையாட்டில் வழக்கமாக அடிபடுவது முதுகெலும்பு. உட்கார்ந்த நிலையில் தரையில் இடித்து இறங்குவதால் வருவது. எழுந்து நடக்க முடிகிறது என்பதற்காக முதுகு நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. பாசமாக ஓடிவருகிற நாலு பேர் தூக்கி, டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவார்கள். முறிந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்க அது போதும். ஆகவே லேமினேட் செய்த உள்ளங்கை அளவு அட்டையில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதிவையுங்கள்:

"முதுகில் அடிபட்டிருக்கலாம். தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். என் ரத்தவகை —. வீட்டு எண் —."

பின்பக்கம் தெலுங்கிலும் உருதுவிலும் இருப்பது நல்லது. வாணியம்பாடி, ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் தேவைப்படும். பெங்களூரிலிருந்து வந்து பறக்கிறவர்களுக்கு இந்த அட்டைதான் பையிலேயே முக்கியமான பொருள் என்றுகூடச் சொல்லலாம்.

வெயிலும் தண்ணீரும்

சித்திரை, வைகாசியில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது வாடிக்கை. மேலே குளிர்கிறது என்று போட்டிருந்த ஜாக்கெட்டோடு கீழே இறங்கி, பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள பையைச் சுமந்து ஒரு மணி நேரம் நடப்பவர் சுருண்டு விழுவதில் ஆச்சரியமில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். அதில் அரை லிட்டர் இறங்கும்வரை தொடாத இருப்பு. ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் முழுப் பொட்டலத்தையும் போட்டால் உப்புக் கூடிப்போய் இன்னும் தாகமெடுக்கும். 200 மி.லி.க்கான சிறு பொட்டலங்கள் கிடைக்கும், பைக்கு அவையே வசதி, ஐந்து வையுங்கள்.

பாலாறு பெரும்பாலும் வெறும் மணல். இறங்க அருமையான இடமாகத் தோன்றும். மணல் அள்ளிய குழிகளில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கவோ காயம் கழுவவோ கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஆறு இது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பே வந்தது. காயம் கழுவ உங்கள் குடிதண்ணீர்தான்.

வெள்ளிப் போர்வையை இங்கே குளிருக்கு என்பதைவிட நிழலுக்கும் சிக்னலுக்கும் வைத்துக்கொள்ளலாம். மார்கழியில் ஜவ்வாது மேலே மாட்டிக்கொண்டால் குளிருக்கும் உதவும். உலோகப் பூச்சு என்பதால் மின்கம்பி பக்கத்தில் விரிக்காதீர்கள்.

கூட்டம்

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பத்துப் பேர், கால் மணி நேரத்தில் ஊரே. நல்லவர்கள்தான், குழந்தைகள் லைன்மேல் ஓடுவார்கள், பெரியவர்கள் விங்கை இழுத்துப் பார்ப்பார்கள். கூட்டத்தில் மூத்தவராகப் பார்த்து, "பெரியவரே, பசங்க இந்த நூலை மிதிக்காம பாத்துக்குங்க" என்று ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் மற்றது தானாக நடக்கும். அடிபடவில்லை என்றால் உடனே விங்கைச் சுருட்டுங்கள். விரித்துக் கிடக்கும் விங் மேலே பறக்கிறவர்களுக்கு உதவி தேவை என்ற பொருள் தரும்.

நட்ட கழனியில் இறங்கினால் வரப்பு வழியாக வெளியே வந்து, நிலத்துக்காரர் யார் என்று கேட்டு, நீங்களாகப் போய்ப் பேசுங்கள். "அண்ணா, நாத்து கொஞ்சம் மிதிபட்டுப்போச்சு, என்ன குடுக்கணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், மோர் கொடுத்து அனுப்புவார்கள். கேட்காமல் மடித்துக்கொண்டு நழுவினால் அடுத்து அங்கே இறங்குகிறவர் திட்டு வாங்குவார். அந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இதற்கும், ஆட்டோவுக்கும்.

தகவல் அனுப்புவது

இரு வேறு நிறுவனங்களின் சிம். ஜவ்வாது மலையில் ஒன்று எடுக்காத இடத்தில் இன்னொன்று எடுக்கலாம். டேட்டா இல்லாவிட்டாலும் எஸ்எம்எஸ் போகும், ஆகவே இருப்பிடத்தை எண்ணாக அனுப்பப் பழகுங்கள்: 12.58, 78.64 என்றால் ஏலகிரி. உங்கள் போன் காட்டும் எண்களில் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் அனுப்பினால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வந்துவிடலாம். ஆனால் 108 வண்டி ஓட்டுநருக்கு இந்த எண்ணைவிட ஊர்ப் பெயர், எந்த ஊருக்குப் போகும் ரோடு, மாரியம்மன் கோயிலா ஏரிக்கரையா என்பதுதான் வழிகாட்டும். போனை ஊர்க்காரரிடம் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். மாவட்டம் கேட்டால் தடுமாறாதீர்கள்: பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றானது, ஏலகிரி, ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் இப்போது திருப்பத்தூர்.

இறங்கிய அரை மணிக்குள் குழுவுக்கு மூன்று வார்த்தை: நலமா இல்லையா, எங்கே, என்ன வேண்டும். அது வராவிட்டால் தேடத் தொடங்குவது என்று காலையிலேயே பேசி வையுங்கள். யார் தேடுவார் என்பதையும்.

சரிபார்ப்பு

வீட்டு உத்தரத்திலோ வேப்பங்கிளையிலோ ஹார்னஸைத் தொங்கவிட்டு ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, முதலில் வலக்கையால், பிறகு இடக்கையால் கத்தி, விசில், ஸ்லிங் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். எட்டாத பொருளை இடம் மாற்றுங்கள். கோடையில் பையை வண்டி டிக்கியில் விட்டுவைத்தால் பிளாஸ்டர் பசை உருகி காஸோடு ஒட்டும், மாத்திரை கெடும், பவர் பேங்க் உப்பும். மாதம் ஒருமுறை பவர் பேங்கை ஏற்றி, விளக்கைப் போட்டுப் பார்த்து, ஓஆர்எஸ், மாத்திரைத் தேதிகளைப் பார்த்துவிடுங்கள். தலைவிளக்கின் பேட்டரி ஒன்றைத் தலைகீழாகப் போட்டு வைத்தால் பைக்குள் தானாக எரிந்து தீராது. போட்டுப் பார்க்கும்போது சரியாகத் திருப்பி, பிறகு மறுபடி தலைகீழாக்க மறக்காதீர்கள்.